திருநீற்றுக்கு மேல் எலக்ட்ரோடு

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், ஸ்டிக்கர் செய்கிற வேலை என்பேன். முழுப் பொய் இல்லை. இந்த மராட்டி நகரத்தில், பாணேர்ப் பகுதியில் நான் இருக்கும் சின்னக் கம்பெனி, இதயத் துடிப்பைப் பதிவு செய்ய நெஞ்சில் ஒட்டுகிற எலக்ட்ரோடுகளைத் தயாரிக்கிறது. வட்டமான ஒட்டுத்துணி, நடுவில் வெள்ளிப் பூச்சுள்ள ஒரு பொத்தான், அதற்கடியில் உப்புக் கலந்த கொஞ்சம் ஜெல். பார்வைக்கு அவ்வளவுதான். இதற்கு மேல் விளக்கினால், கேட்டவர் தன் மாமனாரின் ஈசிஜியைக் கைபேசியில் எடுத்து நீட்டிவிடுவார். நான் டாக்டர் இல்லை, பொத்தான் செய்கிறவள் என்று அதற்குப் பிறகு சொன்னால் எடுபடுவதில்லை.

ஒவ்வொரு துடிப்பிலும் இதயத் தசைக்குள் ஒரு மின் அலை ஓடுகிறது. அது தோலுக்கு வந்து சேரும்போது, டார்ச் லைட்டில் போடும் ஒரு செல்லில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. உடம்புக்குள் அது உப்புத் துகள்களின் நகர்வு. கம்பிக்குள்ளோ எலக்ட்ரான்கள் மட்டும்தான் போக முடியும். மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்திக்கிற ஸ்டேஷனில் சரக்கை இந்த வண்டியிலிருந்து இறக்கி அந்த வண்டியில் ஏற்றுவார்களே, அந்த வேலைதான் எங்கள் பொத்தானுக்கு. அதுவும் தனியாக இருந்தால் ஒன்றுக்கும் உதவாது. குறைந்தது இரண்டு இடத்தில் ஒட்ட வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் கருவி வரைந்து காட்டும்.

இதற்கு ஒரு பரம விரோதி உண்டு. வீட்டுச் சுவருக்குள், விளக்கில், மிக்சியில் ஓடுகிற மின்சாரம். மனித உடம்பு அதை ஆண்டெனா மாதிரி சும்மா நின்றுகொண்டே வாங்கிக்கொள்ளும். எலக்ட்ரோடு தோலோடு நன்றாக ஒட்டியிருந்தால் இந்த இரைச்சல் பெரிதாகத் தெரியாது. ஒட்டுதல் மோசமானால் கோட்டின்மேல் மயிரடர்ந்த கம்பளிப்புழு மாதிரி ஏறி உட்காரும். எலக்ட்ரோடு கழன்றே போய்விட்டால் அந்தப் புழு ஊதிப் பெருத்து, இதயத்தின் அலையையே முழுங்கிவிடும். நான் சம்பளம் வாங்குவது இந்தப் புழுவைக் குறைப்பதற்கு. அதனால்தான் எங்கள் பாக்கெட்டோடு வரும் குறிப்பில், ஒட்டும் இடத்தில் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது, ஒட்டிய பிறகு குளிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. எழுதியது நான். ஹிந்தியிலும் மராட்டியிலும்கூட வருகிறது. தமிழில் வருவதில்லை. வந்திருந்தாலும் அப்பா படித்திருப்பார், மதித்திருக்க மாட்டார்.

அப்பாவும் அம்மாவும் அதே நகரத்தின் மறுகோடியில், கோர்படியில் இருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் வயதிலேயே ராணுவக் கிடங்கு ஒன்றில் சிவிலியன் வேலைக்கு வந்தவர் அப்பா. ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பும் பேச்சே எடுக்கவில்லை. பேச்சில் ஊர் அப்படியே இருக்கிறது, நடுநடுவே பாதிக்குப் பாதி ஹிந்தி. விடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியல், நெற்றியிலும் நெஞ்சிலும் கைகளிலும் குழைத்துப் பூசிய திருநீறு, மணியடித்துப் பூஜை, அதன் பிறகு காப்பி. காய்ச்சல் வந்தாலும் இந்த வரிசை மாறாது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பழைய ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கடக்வாஸ்லா அணைவரை போய், சுட்ட சோளமும் காந்தா பஜி என்கிற வெங்காய பஜியும் தின்றுவிட்டு வருவார். இருவருக்கும் அதுதான் உல்லாசம்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காய்கறிக் கடை வாசலில் நின்றபடியே விழுந்துவிட்டார். கையில் கோத்மீர்க் கட்டோடு விழுந்தார், கட்டை விடாமலே எழுந்தார் என்று அம்மா சொன்னாள். கொத்தமல்லியை எங்கள் வீட்டில் யாரும் கொத்தமல்லி என்று சொல்வதில்லை.

"பசி மயக்கம்ளா. இதுக்குப் போய் பாணேர்லேர்ந்து ஓடி வந்தியாக்கும்?" என்றார் அப்பா என்னிடம்.

டாக்டர் அப்படி நினைக்கவில்லை. மராட்டிக்காரர், நிதானமானவர். இதயம் நடுநடுவே சில வினாடிகள் நின்று மறுபடி ஓடுகிறதோ என்று சந்தேகப்பட்டார். அப்படி இருந்தால் பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை விழும்போது காய்கறிக் கடைக்காரர் தூக்கிவிட அங்கே இருக்க மாட்டார் என்றார். ஒரு நாள் முழுக்கக் கருவியைக் கட்டிப் பதிவு செய்து பார்த்துவிடலாம், அதுவரை ஸ்கூட்டர் கூடாது. நான் சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்பா அந்தப் பையைப் பார்த்த பார்வை, கடன்காரன் பையைப் பார்க்கிற பார்வை.

கருவியை மாட்டிவிட்ட டெக்னீஷியன் அம்மாள், நெஞ்சைத் துடைத்து, மணல்போல் நறநறக்கும் ஒரு களிம்பால் தோலை லேசாகத் தேய்த்து, ஸ்டிக்கர்களை ஒட்டி, நிறம் நிறமான கம்பிகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். பிசிறில்லாத வேலை. எங்கள் கம்பெனி ஸ்டிக்கர் இல்லை, போட்டிக் கம்பெனியுடையது. இருந்தாலும் குறை சொல்ல முடியவில்லை. நாளைக்கு இதே நேரம் வாருங்கள், அதுவரை குளியல் வேண்டாம் என்று அவர் ஹிந்தியில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அம்மா ஒரு முறை சொன்னாள். அப்பா மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தடவை தலையாட்டினார்.

மறுநாள் நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்திருந்தேன். அம்மாவும் அப்பாவும் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். அப்பா பளிச்சென்று இருந்தார். நெற்றியில் ஈரம் காய்ந்த மூன்று பட்டை. குளித்திருக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

உள்ளே டெக்னீஷியன் அம்மாள் அப்பாவின் சட்டையைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் மேல் பிளாஸ்திரி குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருந்தது. ஒன்றைப் பிரித்துத் திருப்பிப் பார்த்தார். பசை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம். ஜெல்லில் திருநீறு குழைந்து ஒரு பசையாகியிருந்தது.

"காகா, ஆங்கோள் கேலீ கா?" என்றார். குளித்தீர்களா, பெரியவரே?

"நஹீ, நஹீ," என்றார் அப்பா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு நிறையத் திருநீற்றோடு சட்டையில்லாமல் உட்கார்ந்து மறைத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

அம்மாதான் உடைத்தாள். "குளிக்காம சாமிகிட்ட எப்படிப் போகன்னு ஒரே அடம். நான் என்ன செய்ய? ஸ்டிக்கரை எல்லாம் பதுவிசா உரிச்சு எவர்சில்வர் தட்டுல ஒட்டி வச்சிருந்தேன். குளிச்சு, துண்ணூறு பூசி முடிச்சதும் மறுபடி ஒட்டிட்டேன். பிடிக்கலை, அதான் பிளாஸ்திரி போட்டேன். எல்லாம் அதே இடத்துலதான் ஒட்டியிருக்கேன், கலர் பாத்துத்தான் ஒட்டினேன்."

கலர் பார்த்து ஒட்டியது உண்மைதான். ஆனால் அவள் அப்பாவுக்கு எதிரே நின்று ஒட்டியிருக்கிறாள். அவளுடைய வலக்கைப் பக்கம் அப்பாவுக்கு இடப்பக்கம். கண்ணாடியில் பார்த்து வகிடு எடுக்கிற கணக்காக எல்லாம் பக்கம் மாறிப் போயிருந்தது. இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருக்கிறேன். வியர்வை, முடி, பவுடர், எண்ணெய் எல்லாவற்றுக்கும் சோதனை செய்திருக்கிறோம். திருநீற்றுக்குச் செய்ததில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் எழுதி அனுப்பிய எனக்கு என் வீட்டு நெஞ்சு நினைவுக்கு வரவில்லை.

டாக்டர் பதிவைத் திரையில் ஓட்டினார். நாங்கள் மூவரும் எதிரே உட்கார்ந்திருந்தோம். முதல் நாள் மதியத்திலிருந்து விடியும்வரை அழகான அலைகள், ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு கொஞ்ச நேரம் வெறும் கிறுக்கல், அது குளியல். அதற்குப் பின் அலைகள் தலைகீழாக நின்றன, அது அம்மா. தலைகீழ் அலைகளுக்கு நடுவே அங்கங்கே குதிப்பு, நடுக்கம், ஓரிடத்தில் மட்டும் தட்டையான ஒரு கோடு.

"குளித்ததற்குப் பிறகு உள்ளது குப்பை," என்றார் டாக்டர் ஆங்கிலத்தில், கோபமில்லாமல். "இந்தத் தட்டைக் கோடும் ஸ்டிக்கர் விட்டுப்போனதுதான். முதல் நாள் பதிவு சுத்தமாக இருக்கிறது. அடுத்த மாதம் இன்னொரு முறை பார்க்கலாம்."

அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும். முகம் மலர்ந்து என் கைப்பையைப் பார்த்தார். "பாத்தியா? ஒண்ணுமில்லைன்னு நான் சொன்னேம்லா. சாவியக் குடு."

நானும் சாவியை எடுக்கத்தான் பையில் கைவிட்டேன். கண் மட்டும் திரையை விட்டு வரவில்லை. பழக்க தோஷம். எங்கள் அலுவலகத்துக்கு வரும் பதிவுகளில் பெயர் இருக்காது, வயது இருக்காது. ஆள் யார் என்று தெரியாமல், கோட்டை மட்டும் பார்த்து, இது இதயமா அல்லது எங்கள் பொத்தானின் கோளாறா என்று பிரிப்பதுதான் என் வேலை. அந்தத் தட்டைக் கோடு ரொம்பச் சுத்தமாக இருந்தது. விட்டுப்போன ஸ்டிக்கர் அவ்வளவு அடக்கமாக இருக்காது.

"இரைச்சலை வடிகட்டுகிற ஃபில்டர் போட்டிருக்கிறீர்கள் இல்லையா? அதை ஒரு நிமிடம் எடுத்துவிட முடியுமா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். எடுத்தார். உடனே கோடு முழுக்கக் கம்பளிப்புழு ஏறியது. திருநீறு செய்த வேலை. காய்ந்த சாம்பல் தோலுக்கும் ஜெல்லுக்கும் நடுவே உட்கார்ந்து, சுவர் மின்சாரத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. தலைகீழ் அலைகளின்மேல் புழு, அலைக்கும் அலைக்கும் நடுவிலும் புழு. தட்டைக் கோட்டுக்கு வந்தபோது நான் பையிலிருந்து கையை எடுத்தேன்.

அங்கேயும் புழு இருந்தது. அதே பருமன். இந்தப் பக்கம் எவ்வளவோ, அந்தப் பக்கம் எவ்வளவோ, நடுவிலும் அவ்வளவே. ஸ்டிக்கர் கழன்றிருந்தால் அது அந்த இடத்தில் ஊதிப் பெருத்திருக்க வேண்டும். பெருக்கவில்லை. அம்மாவின் பிளாஸ்திரி கெட்டியாகப் பிடித்திருக்கிறது. எலக்ட்ரோடு தன் இடத்தில்தான் இருந்திருக்கிறது, கருவி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்பதற்குத்தான் துடிப்பு இல்லை.

எனக்குப் பயம் வந்தது. சின்ன வயதில் கூட்டத்தில் அப்பாவின் கையை விட்டுவிட்டால் வருமே, அந்தப் பயம். வாயைத் திறக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டால் இன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. அடுத்த மாதம் எப்படியும் மறுபடி எடுக்கத்தானே போகிறார்கள். அதற்குள் நாலு ஞாயிற்றுக்கிழமை வரும். ஸ்கூட்டரின் பின்னால் அம்மா உட்கார்ந்திருப்பாள்.

டாக்டரிடம் சொன்னேன். புழுவின் பருமனை விரலால் தொட்டுக் காட்டினேன். என் குரல் அலுவலகக் கூட்டத்தில் பேசுகிற குரலாகவே இருந்தது, அதை நானே கேட்டேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, கோட்டைப் பெரிதாக்கி, முன்னும் பின்னும் ஓட்டினார். பிறகு அப்பாவிடம் திரும்பி ஹிந்தியில் கேட்டார். "குளித்து முடித்த கொஞ்ச நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"பூஜா," என்றார் அப்பா. "ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் இருந்தேன்."

"தலை சுற்றல்? கண் இருட்டுதல்?"

"ஒன்றும் இல்லை."

அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஹிந்தி பேச்சு முழுதும் புரிந்துவிட்டது. பதிலை மட்டும் என்னிடம் தமிழில் சொன்னாள்.

"மணி நின்னுச்சு."

"என்னம்மா?"

"அடுக்களைல பால் காய்ச்சிக்கிட்டிருந்தேன். தீபாராதனை மணி அடிச்சுக்கிட்டே இருந்தது, சட்டுனு நின்னுட்டு. தீப்பெட்டி தேடுதாரோன்னு நெனச்சேன். அப்புறம் மறுபடி அடிச்சுது. நான் எட்டிப் பாக்கலை. பால் பொங்கிருமேன்னு நின்னுட்டேன்."

நான் டாக்டருக்கு அதை ஹிந்தியில் சொன்னேன். சொல்வதற்கு நாலைந்து வார்த்தைகளே தேவைப்பட்டன.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட ஆரம்பித்தார். "கண்ண மூடிக்கிட்டு நின்னேன். மணி கையில இருந்துச்சு. அது நின்னது எனக்குத் தெரியாதே," என்றார். பொய் சொல்கிறபோது அவர் குரல் பெரிதாகும். அப்போது பெரிதாகவில்லை. தான் நின்றுபோனது தனக்கே தெரியவில்லை என்பதுதான் அவரை அசைத்தது என்று நினைக்கிறேன். காய்கறிக் கடையில் விழுந்தபோதுகூட அவர் பயப்படவில்லை.

டாக்டர் அன்றைக்கே அப்பாவை வார்டில் படுக்க வைத்து, தலைமாட்டில் கருவியை மாட்டி, இடைவிடாமல் கவனிக்கச் செய்தார். அங்கே இதயம் இன்னொரு முறை நின்றது, அந்த முறை திருநீறும் இல்லை, புழுவும் இல்லை. அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கரை வைத்தார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி இதயத்துக்குள் போகிறது. அதன் நுனியில் இருப்பதும் எலக்ட்ரோடுதான். எங்கள் எலக்ட்ரோடு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கும், உள்ளே உள்ளது கேட்டும் கொள்ளும், சத்தம் வரவில்லையென்றால் ஒரு தட்டும் தட்டும். இதை அப்பாவிடம் விளக்கினேன்.

"இந்தச் சவம் கரண்டு போனா என்ன செய்யும்?" என்றார்.

பேட்டரியில் ஓடுகிறது என்றேன். வருடக்கணக்கில் வரும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஸ்கூட்டர் எப்போது என்று கேட்டார். புண் ஆறட்டும் என்றேன். இப்போதும் சாவி என்னிடம்தான் இருக்கிறது, ஆனால் அப்பா முன்னைப்போல முறைப்பதில்லை.

புண் ஆறும்வரை தண்ணீர் படக் கூடாது, இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இந்த முறை அப்பா ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கையில்லை. லீவு போட்டுவிட்டுக் கோர்படியிலேயே தங்கினேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அடுக்களையில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா பாலை அடுப்பில் வைத்திருந்தாள். அப்பா குளியலறைப் பக்கமே போகவில்லை. ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு, திருநீற்றைக் குழைத்து நெற்றியில் பூசினார். நெஞ்சிலும் பூசினார். மூன்று பட்டைகளும் வலது பக்கத்திலிருந்து வந்து, இடது பக்கக் கட்டுக்கு ஒரு விரற்கடை இப்பால் நின்றுவிட்டன. அப்படி அரையும் குறையுமாக அவர் பூசி நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும், "சாமிக்கும் தெரியும்ளா," என்று சொல்லிவிட்டுப் பூஜையறைக்குள் போனார்.

மணி அடிக்க ஆரம்பித்தது. மணி பிடித்த இடது கையைத் தாழ்த்தி வைத்திருந்ததால் வழக்கத்தைவிட மெல்லிய சத்தம். அம்மா அடுப்பை அணைத்தாள். பால் இன்னும் காயவில்லை, ஏடுகூடக் கட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அணைந்த அடுப்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அவள் நின்றாள், நானும் நின்றேன். வெளியே காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான், எங்கள் காதில் அவன் விழவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு வழக்கமாக முடிகிற இடத்தில் முடிந்தது.

"காப்பி ஆச்சா?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"இந்தா ஆச்சு," என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.